சுண்டில் அளந்த சவர்க்காரம்

நெடுந்தீவு

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

பள்ளிக்கூடம் விட்டபின் இங்குள்ள பெண்களுக்குச் சவர்க்காரம் செய்யப் பழக்குகிறேன். மூன்றாம் முறையும் கெட்டுப்போனது. எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். தராசில்லாமல் அரிசி அளக்கும் சுண்டால் அளந்தேன், இரசாயனம் படித்த நானே! சோடா கூடிவிட்டது.

"ரீச்சர், உங்கட சோப் ஊத்தையோட தோலையும் எல்லோ உரிக்குது!" என்று மேர்சி அக்கா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு என்மேல்தான் ஆத்திரம். விரல்களில் சிறு எரிவு, பயப்பட வேண்டாம்.

இன்னொரு முறை கெட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். பிறகு இந்தப் பின்னேரங்களை நான் என்ன செய்வது?

கிராம் காட்டும் சிறிய தராசொன்று வாங்குங்கள். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், படகில் குலுங்கிப் பழுதாகிவிடும். நீங்களே மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

கடிதம் கொண்டுபோகிறவர் அவசரப்படுகிறார்.

கோசலா