பக்கத்து நாற்காலிக்காரி

என்னங்க,

நீங்களும் பிள்ளைகளும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் இங்கே கார்மென்ட்ஸ் கம்பெனி விடுதியில் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் எனக்கு ஞானப்பல் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அது ஈறுக்குள்ளேயே படுத்த வாக்கில் முளைத்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்ததாம். ஈறைக் கீறி, பல்லை இரண்டாக உடைத்து எடுத்துத் தைத்துவிட்டார்கள். தையல்காரிக்கே தையல்.

பக்கத்து நாற்காலியில் ஒருத்தி. விழுந்த பல்லுக்குப் பதில் புதுப்பல் பொருத்த, தாடை எலும்பில் திருகாணி இறக்கியிருந்தார்கள். அவள் புருஷன் அவள் கன்னத்தில் ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். ஒரு கை மரத்தால் மறு கைக்கு மாற்றினான். எனக்கு வயிறு எரிந்தது.

நர்ஸ் வந்து, "கூட யாரும் வரலையா?" என்றாள்.

"வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திட்டு வர்றார்" என்றேன். பாதி வாய் மரத்திருந்தும் பொய் தடங்கலில்லாமல் வந்தது.

அரை மணி கழித்து, "இன்னுமா நிறுத்துறார்?" என்றாள். பக்கத்து நாற்காலிக்காரி தன் ஐஸ் பையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பிவையுங்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதி என்னையும் அந்தப் பக்கத்து நாற்காலிக்காரியையும் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று காலை பத்து மணிக்குத் தவறாமல் போன் செய்யுங்கள். அவள் காதுபட உங்களோடு பேச வேண்டும்.

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். இத்தோடு முடிக்கிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி