இலக்கம் போட்ட பனைகள்

1991 வைகாசி 4

பத்மாவின் கொப்பியில் பின்பக்கம் வெறுந்தாள் நிறைய இருக்கிறது. முன்பக்கம் அவள் எழுதியது. அதைத் தொடமாட்டேன். நான் படித்தது நாலாம் வகுப்பு மட்டும்தான். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்துவதற்கு ஆள் இல்லை.

மகள் போய் மூன்று மாதம். மாசியில் பிளேன் குண்டு போட்ட அன்று கம்பஸிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். சாம்பலைக் கீரிமலையில் கரைக்க வழியில்லை, அந்தப் பக்கம் ஒருவரும் போக ஏலாது. கேரதீவுக் கடலில் கரைத்தோம்.

வளவில் இருக்கிற பனைகளில் ஏழுக்கு வெள்ளைப் பெயின்றால் இலக்கம் போட்டிருக்கிறாள், 1 தொடக்கம் 7. ஏழும் காய்க்கிற மரம். ஒவ்வொன்றிலும் பத்துக் கொட்டை எடுத்து, கிணற்றுக்குப் பின்னால் ஏழு வரிசை ஊன்றினாள். படிப்புக்கு.

"வெளியில பாத்தா எல்லாம் ஒரே பனைதான் அம்மா. உள்ளுக்கை வேறை வேறை. தாயின்ரை குணம் பிள்ளையளுக்கு வருதோ எண்டு பாக்கோணும்."

எப்ப தெரியும் எண்டு கேட்டன்.

"காய்க்கேக்கை. பதினைஞ்சு, இருவது வருசம்."

அப்ப நான் இருக்கமாட்டன் எண்டன்.

"நான் இருப்பன்தானே."

இண்டைக்கு இதுக்கு மேலை ஏலாது.

1991 வைகாசி 5

எண்ணினேன். எழுபதில் அறுபத்துநாலு முளைத்திருக்கிறது. ஏழாம் வரிசையில் பத்தும்.

1991 வைகாசி 19

என் மனுசனின் தம்பி கந்தப்பு பக்கத்து வளவில் இருக்கிறான். இவர் செத்த பிறகு அவன்தான் எங்களுக்கு வேலி அடைக்கிறது, கிணறு இறைக்கிறது. வாய் மட்டும் பொல்லாதது. "தையிலையே கிழங்கைக் கிண்டி அவிச்சிருக்கோணும் மச்சாள். அரிசி இல்லாத நேரத்திலை நீங்கள் பனைக்குப் பள்ளிக்கூடம் நடத்திறியள்."

நான் வரிசைகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

1991 ஆவணி 11

பழம் விழத் தொடங்கிவிட்டது. பத்மா செய்தது போல ஒவ்வொரு மரத்துப் பழத்தையும் உரித்துக் களியை நக்கிப் பார்த்தேன். 1 கசப்பு. 2 கசப்பு, நாரும் கூட. 3 பரவாயில்லை. 4, 5, 6 தொண்டையில் நிற்கிற கசப்பு. 7 துளியும் கசப்பில்லை. அவளும் அப்படித்தான் எழுதியிருக்கிறாள், கீழே இரண்டு கோடும் போட்டு.

வேலிக்கு மேலால் கந்தப்பு சிரித்தான். "மாடு கூட இப்பிடி நக்காது." ஏழாம் மரத்துப் பழத்தை அவன் கையில் கொடுத்தேன். நக்கினான். பிறகு சிரிக்கவில்லை. "உது வேறை சாதிதான் மச்சாள்" என்றான். மிச்சத்தையும் சூப்பிவிட்டுத்தான் கொட்டையைத் தந்தான்.

1991 ஐப்பசி 30

மழை. கொப்பியைப் பானைக்குள் வைத்து மூடினேன்.

1992 தை 9

மாரி மழையில் இலக்கங்கள் அழிந்துவிட்டன. பெயின்ற் எங்கே கிடைக்கும் இப்போது? சுண்ணாம்பைக் கஞ்சியில் குழைத்து ஒன்று தொடக்கம் ஆறு வரை நானே திரும்ப எழுதினேன். இரண்டு தரம் பூசிப் பெரிதாக எழுதினேன், தூரத்திலிருந்தே தெரியும். என் மூன்று நண்டு போல இருக்கிறது.

ஏழுக்கு அடிக்கவில்லை. அது சரிந்த மரம், இலக்கம் மழை படாத பக்கத்தில். மங்கல்தான், ஆனால் அவளுடைய கை. ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு இழுப்பாள். ஏணியில் நின்று தொட்டுப் பார்த்தேன்.

1992 வைகாசி 23

பத்மாவுக்குக் கம்பஸில் படிப்பித்த தில்லைநாதன் சேர் சைக்கிளில் வந்தார். அவ்வளவு தூரம். வெறுந்தேத்தண்ணிதான் கொடுக்க முடிந்தது.

வரிசை வரிசையாகக் குந்தியிருந்து பார்த்தார். மூன்றாம் வரிசையில் சிலதின் தண்டு சிவப்பு, சிலது பச்சை. "ஒரு தாயின்ரை பிள்ளையள், பாருங்கோ அம்மா, ஒண்டைப்போல ஒண்டு இல்லை." தகப்பன் ஆர் எண்டு காத்துக்குத்தான் தெரியும் எண்டன். பெரிதாகச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

போகும்போது சொன்னார், ஏழாம் மரம் போல ஒன்றை அவர் இன்னும் வேறெங்கும் காணவில்லையாம். "தாயும் நிக்கோணும், பிள்ளையளும் நிக்கோணும். ரெண்டும் இருந்தாத்தான் பத்மாவின்ரை வேலைக்கு அர்த்தம்."

நிக்கும் எண்டு சொன்னன்.

1992 மார்கழி 18

இயக்கத்திலிருந்து வந்து சொன்னார்கள், பதுங்குகுழி கட்டப் பனை வேண்டுமாம். வளவுக்கு நாலு மரம். தருகிற மரங்களுக்கு வெள்ளை அடித்து விடவேண்டுமாம், லொறி வரும்போது பார்த்துத் தறிப்பார்களாம். தெருவெல்லாம் சுண்ணாம்பு வாளிதான். கந்தப்பு வந்து தெற்கு வேலியோடு நிற்கிற நாலு ஆண்பனைக்கு வெள்ளை அடித்தான். போகட்டும். அதுகள் காய்க்கிறதில்லை.

1993 மாசி 6

நாளை பத்மாவின் திவசம். ஐயர் வீட்டுக்கு வரமாட்டார், கோயிலடிக்குப் போகவேண்டும். பனங்களி கொஞ்சம் வெயிலில் காயவிட்டுப் பினாட்டாக வைத்திருந்தேன், ஏழாம் மரத்தினது. கொண்டுபோகிறேன்.

1993 மாசி 7

பத்து மரம். நாலு இல்லை, பத்து.

கோயிலாலை வர எல்லாம் விழுந்து கிடக்குது. தெற்கு வேலி நாலும் என்ரை ஆறும். லொறிக்காரப் பெடியனைப் பிடிச்சு உலுப்பினன். அவன் பயந்துபோய், "வெள்ளை அடிச்ச மரமெல்லாம் தாறதெண்டுதானே அம்மா சொன்னவை? இலக்கமும் போட்டுக் கிடந்துது. ஒழுங்காத்தான் தந்திருக்கினம் எண்டு நினைச்சம்."

ஒழுங்காத்தான். ஓம். நான்தான் ஒழுங்காப் போட்டனான். தூரத்திலை தெரியட்டும் எண்டு பெரிசாப் போட்டனான். அழிஞ்சது அழிஞ்சபடி விட்டிருந்தா—

ஏன் எனக்கு அது யோசனையிலை வரேல்லை? கந்தப்பு வெள்ளை அடிக்கேக்கை பக்கத்திலைதானே நிண்டனான்.

1993 மாசி 8

ஏழு நிற்கிறது. இலக்கம் மங்கலாக இருந்ததால் அவர்கள் கண்ணில் படவில்லை. ஆனால் நாலாம் மரம் ஏழாம் வரிசைக் கன்றுகளுக்கு மேல் விழுந்து, அதுகளுக்கு மேலாலேயே மரத்தை இழுத்தும் போயிருக்கிறார்கள். பத்தில் மூன்று மிச்சம். மற்ற வரிசைகள் நிற்கின்றன, தாய் இல்லாமல்.

கந்தப்பு வந்து வேலியோடு நின்றான். பகிடி ஒன்றும் இல்லை. "மச்சாள், லொறி புதன்கிழமையும் வருதாம். உந்த ஏழாம் இலக்கத்தையும் கண்டாங்கள் எண்டால் மரத்தை விடமாட்டாங்கள். சுரண்டி விடுங்கோ." பிறகு, "நான் செய்யட்டோ?"

வேண்டாம் என்றேன்.

1993 மாசி 9

மரத்தடிக்குப் போனேன். திரும்பி வந்தேன்.

அவளின்ரை கையெழுத்து கொப்பியிலை இருக்குத்தானே. இருக்கு. மரத்திலை இருக்கிறது வேறை. அவள் ஏணியிலை ஏறி நிக்க நான் கீழே பிடிச்சனான்.

1993 மாசி 10

விடிய, ஏணி வைத்து ஏறிக் கத்தியால் சுரண்டினேன். நடுக்கோடு கடைசியாகப் போனது. தும்பால் தேய்த்து, அடுப்புக்கரி பூசினேன். மத்தியானம் லொறி வந்தது. பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

கொப்பியின் முன்பக்கத்தில் முதல் தடவை எழுதினேன், அவள் கோடு போட்ட இடத்துக்குக் கீழே: "7. கிணற்றுக்கட்டிலிருந்து கிழக்கே பதினெட்டுக் காலடி, என்ரை காலடி. சரிந்த மரம்."

1993 ஆவணி 21

விடியற்காலம் ஒரு பழம் விழுந்தது. கசப்பில்லை. பாதியைக் கந்தப்புவுக்குக் கொடுத்தேன். அந்தப் பழத்தின் கொட்டை மூன்றையும் வேலியோரம் ஊன்றினேன். அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை.