மேசைக்குக் கீழிருந்து வாசித்த கட்டுரை

அனுப்புநர்:
வதனி,
தரம் 11 மாணவி,
வாவிக்கரை வித்தியாலயம்,
பெரியகல்லாறு.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்.

விடயம்: ஆங்கிலத்தில் முன்னிடைச் சொற்களைப் பிழையாக எழுதும் மாணவரை மேசைக்குக் கீழே இருத்துவதும், அதனால் ஒரு மாணவி பாடசாலையை விட்டு நின்றதும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர் திரு. அழகரத்தினம் சேர். 'இன்', 'ஒன்', 'அட்' போன்ற முன்னிடைச் சொற்களை மாற்றி எழுதுகிறவர் பாடம் முடியும்வரை ஆசிரியர் மேசைக்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டில், சுவரில், சந்தியில் என்று தமிழில் எல்லாம் ஒரேமாதிரி முடியும். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு சொல். எதற்கு எது என்பது கேட்டுப் பழகினால்தான் வரும். எங்களில் பலருடைய வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லை.

2. என் தோழி விதுர்ஷாவின் தகப்பனார் வாவியில் இறால் பிடிப்பவர். கணிதத்தில் அவள்தான் வகுப்பில் முதல். போன மாதம் அவள் தன் தகப்பனாரின் தொழிலைப் பற்றி ஒரு முழுப்பக்கம் ஆங்கிலத்தில் எழுதினாள். யாரையும் பார்த்து எழுதவில்லை. சேர் அதில் முன்னிடைச் சொற்களுக்கு மட்டும் சிவப்பு வட்டமிட்டார். "என்ன புள்ள, உன்ட வலையில கண்ணெல்லாம் கிழிஞ்சி கிடக்கு. இதில எந்த மீன் நிக்கும்?" என்றார். வகுப்பு சிரித்தது. பிறகு அவளை மேசைக்குக் கீழே இருந்து அந்தக் கட்டுரையை வாசிக்கச் சொன்னார். அவள் அழாமல் கடைசி வரிவரை வாசித்தாள்.

3. மறுநாள் முதல் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "மேசைக்குக் கீழ இருத்தவா நான் வெள்ளச் சட்டை தோய்ச்சிக் குடுத்தன்?" என்றார் அவளுடைய தாயார். விதுர்ஷா வெளியே வரவில்லை. அவளை நண்டு பதனிடும் கம்பனிக்கு வேலைக்கு அனுப்பப் போகிறார்கள். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் இம்மாத முடிவுக்குள் போக வேண்டும்.

4. வகுப்பாசிரியரிடம் சொன்னேன். "சேர் வந்த பிறகுதான் இங்கிலிசில புள்ளைகள் சித்தியடையிது, நீ பேசாம இரு" என்றார். அது உண்மைதான். சேர் சோம்பேறி அல்லர். எங்கள் கொப்பிகளை ஒருவரி விடாமல் திருத்துவார்.

5. என் ஆங்கிலத்தில் முன்னிடைச் சொல் பிழைப்பதில்லை. பிழைத்தால் எங்கே இருக்க வேண்டும் என்பது எனக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே நான் எவ்வளவோ முறை இருந்திருக்கிறேன். அம்மா சோற்றுத் தட்டைக் கீழே நீட்டுவார்.

6. ஆகையால், தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் விதுர்ஷாவின் வீட்டுக்குப் போய் அவளை அழைத்துவரவும், அவளுடைய விண்ணப்பம் தவறாமல் போகவும், இந்தத் தண்டனையை நிறுத்தவும் ஆவன செய்யும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். சேரை இடமாற்றும்படி நான் கேட்கவில்லை. இம்மனுவைப் பாடசாலைக்கு அனுப்பிவிடாதீர்கள். அவருக்கு என் கையெழுத்து தெரியும்.

எல்லாரும் உறங்கிய பின் கைபேசி வெளிச்சத்தில் எழுதுவதால் வரிகள் கோணலாக இருக்கின்றன. மன்னிக்கவும். மேலே அனுப்புநர் பகுதியில் பயத்தினால் என் முதலெழுத்தை விட்டுவிட்டேன். அது இல்லாமல் தாங்கள் இம்மனுவை ஏற்காமல் விடலாம் என்பதால் கீழே எழுதியிருக்கிறேன். அது அழகரத்தினம் சேரின் பெயரின் முதலெழுத்து. அவர் என் அப்பா.

இடம்: பெரியகல்லாறு
திகதி: 12.11.2024
பிரதி: ஒருவருக்கும் வேண்டாம்

இங்ஙனம்,
அ. வதனி