கூடைக்குள் இருந்த போன்

அன்புள்ள வாலுக்கு,

செய்தி என் போனுக்கு வந்தது மதியம் மூணு நாப்பதுக்கு. என் கைக்கு வந்தது அஞ்சு பத்துக்கு. நடுவுல அந்தப் போன் எங்க ஆபீஸ் கேன்டீன்ல ஒரு நீலக் கலர் பிளாஸ்டிக் கூடையில, இன்னும் நாப்பது பேர் போனோட சேர்ந்து கிடந்துச்சு.

எட்டு மாசமாச்சு. அன்னைக்கு வந்த பதினொரு மிஸ்டு காலும் உன்னோடது. ஏன் எடுக்கலன்னு உங்க அம்மா கேட்டாங்க, உங்க அப்பா கேட்டார், பக்கத்து வீட்டுக்காரங்க கூட கேட்டாங்க. நீ மட்டும் கேக்கல. எல்லாருக்கும் மீட்டிங்னு சொன்னேன். அதுக்கு மேல யாரும் தோண்டல. உனக்கும் சொல்லாமலே விட்டிருப்பேன். நேத்து நீ அனுப்பின மெசேஜைப் படிச்சதுக்கு அப்புறம் சொல்லாம இருக்க முடியல.

போன்லயே பேசியிருக்கலாம். பேசினா நீ நடுவுல ஏதாவது ஜோக் அடிப்பே, நானும் சரி விடுன்னு பேச்சை மாத்திடுவேன். எழுதினா நீ குறுக்க பேச முடியாதுல்ல. அதான் கடிதம். நாளைக்கு உனக்குக் கிடைக்கற மாதிரி கூரியர்ல போடறேன்.

முதல்ல வீட்டு விஷயம். நான் நல்லாத்தான் இருக்கேன். குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு உங்க அக்கா ஒரு வருஷமா சொல்லிட்டிருந்தா, இப்ப மாத்திட்டேன். சமையலறைக் கதவு கிறீச்னுச்சு, எண்ணெய் விட்டேன். வாசல் பெல் சரியாயிடுச்சு. இனிமே ரிப்பேர் பண்ண வீட்ல ஒண்ணும் மிச்சமில்ல. போன ஞாயித்துக்கிழமை நல்லா ஓடிட்டிருந்த ஃபேனைக் கழட்டித் துடைச்சுத் திருப்பி மாட்டினேன். அது இப்ப லேசா ஆடுது. சரி பண்ண ஒரு வேலை கிடைச்சுது.

உங்க அம்மாவுக்கு அடுத்த மாசம் கண் ஆபரேஷன். நான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன், நீ அலையாத. மாப்பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்னு ஆரம்பிச்சாங்க. நான் இன்னும் மாப்பிள்ளைதானே அத்தைன்னு கேட்டேன். சரி வாங்கன்னாங்க. அப்புறம், சொட்டு மருந்து மட்டும் நீங்க விடக் கூடாது, உங்க கை இரும்பு பிடிச்ச கைன்னாங்க.

இப்ப உன் விஷயம்.

நேத்து நீ எழுதினது: "மாமா, சனிக்கிழமை ரிசார்ட்ல ராத்திரி தங்கற மாதிரி டூர். என்னை கிளையண்ட்டோட ஜோடி டான்ஸ்ல போட்டிருக்காங்க. நான் ஆடினா கிளையண்ட் ஓடிடுவான், கம்பெனிக்குத்தான் நஷ்டம்." அதுக்குப் பின்னாடி சிரிக்கற பொம்மை மூணு. அதுக்குக் கீழ, போனா போகுதுன்னு சேத்த மாதிரி, "டிரெஸ் கூட அவங்களே எடுத்து வெச்சிருக்காங்க. யாரும் வீடியோ எடுக்கக் கூடாதுன்னு போனை எல்லாம் ஒரு பையில போட்டுடணுமாம். போகலாமா மாமா?"

உங்க அக்காவும் அப்படித்தான். பயம் வந்தா முதல்ல ஒரு ஜோக் வரும். ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டப்ப, உள்ள மூளை இருக்கான்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும்னு சொன்னாளாமே. நீ தானே சொன்னே. அதனால அந்த மூணு பொம்மையை நான் நம்பல.

அன்னைக்கு என்ன நடந்ததுன்னு சொல்றேன்.

எங்க லிஃப்ட் கம்பெனியில வருஷத்துக்கு ரெண்டு தடவை வெளியில இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து ஒற்றுமைப் பயிற்சின்னு நடத்துவாங்க. காதோட ஒட்டின மைக் போட்டுக்கிட்டு, எல்லாரும் நல்லா கை தட்டுங்கன்னு சொல்லிட்டே சுத்துவார். எல்லாரும் வரணும். லிஃப்ட் பிரேக்கைச் சோதிக்கறவன், பில் போடறவங்க, ஸ்டோர்ஸ்ல நட்டு போல்ட் எண்ணறவர், எல்லாரும்.

காலையில கிளம்பும்போது உங்க அக்காவுக்குத் தலைவலி. ரெண்டு நாளா இருந்ததுதான். நீ பாத்துக்க வந்துட்டே, நான் கிளம்பிட்டேன். கேன்டீன் வாசல்ல கூடையை நீட்டினாங்க. வீட்ல உடம்பு சரியில்ல, போன் என்கிட்டயே இருக்கட்டும், சத்தத்தை அணைச்சு வெச்சுக்கறேன்னு சொன்னேன். மைக்காரர் அதைக் கேட்டுட்டு மைக்லயே சொன்னார். "என்ன சார், புது மாப்பிள்ளையா? வீட்டம்மா அரை மணிக்கு ஒரு தடவை அட்டெண்டன்ஸ் எடுப்பாங்களோ?" நாப்பது பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே போட்டேன்.

என்ன விளையாட்டு தெரியுமா? கண்ணைக் கட்டிவிட்டு ஆளுக்கு ஒரு சீட்டு. சீட்டுல ஒரு மிருகம் பேர். அந்த மிருகம் மாதிரி கத்திக்கிட்டே போய் அதே மாதிரி கத்தற ஜோடியைக் கண்டுபிடிக்கணும். எனக்கு வந்தது மாடு.

நீ அவளை ஆஸ்பத்திரியில சேத்துட்டு அங்க வார்டு வாசல்ல நின்னு எனக்கு அடிச்சுட்டே இருந்த நேரம், நான் கண்ணைக் கட்டிக்கிட்டு மாடு மாதிரி கத்திட்டிருந்தேன், வாலு. மேஜையில முட்டி, சுவத்துல முட்டி, கடைசியில ஸ்டோர்ஸ் அண்ணனைக் கண்டுபிடிச்சேன். அவரும் மாடு. நாங்கதான் முதல். பரிசா ஒரு காபி கப் குடுத்தாங்க. அதைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் கூடையில இருந்து போனை எடுத்தேன்.

டாக்டர் சொன்னதை நான் மறக்கல. மூணு நாப்பதுக்கே நான் வந்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதுன்னார். ரத்தக் குழாய் வெடிச்சது வெடிச்சதுதான். நான் எஞ்சினியர், எனக்கு அது புரியுது. ஆனா நாலரை வரைக்கும் அவளுக்கு நினைவு இருந்துச்சு. என்னைக் கேட்டிருக்கா. மாமா வந்துட்டே இருக்காரு, டிராபிக்னு நீ சொல்லியிருக்கே. அந்த ஒரு பொய்க்கு நான் உனக்கு இன்னும் நன்றி சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இதை நன்றின்னு எடுத்துக்க.

இப்ப வெள்ளிக்கிழமை எங்க ஆபீஸ்ல மறுபடியும் அதே பயிற்சி. அதே மைக்காரர். திங்கக்கிழமை நோட்டீஸ் ஒட்டினாங்க. நான் ஹெச்.ஆர் மேடம்கிட்ட போய், நான் வரல மேடம்னு சொன்னேன். அவங்க கெட்டவங்க இல்ல. உங்க அக்கா காரியத்துக்கு வந்து மூலையில நின்னு அழுதாங்களே, கண்ணாடி போட்டவங்க, அவங்கதான். "உங்களுக்காகத்தான் சார் முக்கியமா வெச்சிருக்கோம். எட்டு மாசமா யார்கிட்டயும் பேச மாட்டேங்கறீங்க. நாலு பேரோட சிரிச்சாத்தான் வெளியில வருவீங்க"ன்னாங்க.

எனக்குக் கோபம் வரல. கோபம் வர்ற இடமே இப்ப மரத்துப் போச்சு. ஒண்ணு மட்டும் கேட்டேன். "மேடம், இது வேலையா, விளையாட்டா? வேலைன்னா என் வேலை ஆர்டர்ல எங்க இருக்குன்னு காட்டுங்க, எழுதிக் குடுங்க. விளையாட்டுன்னா எனக்கு வேண்டாம்னு சொல்லலாம்ல?"

அவங்க, எல்லாருக்கும் ஒரே ரூல் சார், ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கன்னாங்க.

கேக்கட்டுமே மேடம்னேன். அப்புறம் போன் கூடையைப் பத்திச் சொன்னேன். லிஃப்ட்ல நாங்க எதை வேணா நிறுத்திச் சோதிப்போம். பிரேக்கை விடுவோம், கரண்ட்டை எடுப்போம். ஆனா உள்ள ஆள் இருக்கும்போது அவசர மணியை மட்டும் தொட மாட்டோம். அரை நிமிஷம்னாலும் தொட மாட்டோம். அதை எடுத்துட்டு ஓட்டலாமான்னு கேட்டேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. அன்னைக்கு அந்தக் கூடையை நீட்டினது அவங்க கைதான். அதை நான் சொல்லல. அவங்களுக்கே ஞாபகம் வந்திருக்கணும்.

வெளியில வந்தா ஸ்டோர்ஸ் அண்ணன் நிக்கறார். ஒட்டுக் கேட்டிருக்கார். "தம்பி, நானும் வரலப்பா. போன தடவை மாடா கத்தினதுக்கு ஒரு வாரம் என் வீட்டுக்காரி தட்டு வைக்கும்போதெல்லாம், சோறா, புல்லான்னு கேட்டா"ன்னார். சிரிச்சேன். எட்டு மாசத்துல அதுதான் முதல் சிரிப்புன்னு நினைக்கறேன். அப்புறம் பில்லிங்ல இருக்கற அம்மா ஒருத்தங்க மெதுவா வந்து, எனக்கும் பிடிக்காது தம்பி, கண்ணைக் கட்டிட்டா யார் கை எங்க படுதுன்னே தெரியாது, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இத்தனை வருஷமா போயிட்டிருந்தேன்னு சொன்னாங்க. நாப்பது பேர்ல மூணு பேர் ஆயிட்டோம். மிச்ச பேருக்கு அது ஜாலிதான். அவங்க போகட்டும், சந்தோஷமா கத்தட்டும். யாரையும் தடுக்கச் சொல்லல.

இது நல்லபடியா முடிஞ்சுடுச்சுன்னு சொல்ல மாட்டேன். எங்க செக்‌ஷன் ஹெட்டுக்குப் பிடிக்கல. ஒத்துழைப்புல மார்க் குறையும், சம்பள உயர்வுல தெரியும்னார். அதையே மெயில்ல அனுப்புங்க சார்னேன். அனுப்பல. போன்தான் பண்ணிட்டே இருக்கார். எழுதினா சாட்சி ஆயிடும்ல.

அதனால வாலு, நீ கேட்டதுக்கு என் பதில் இதுதான். ஆட உனக்கே ஆசைன்னா போ, நல்லா ஆடு. மாமா தடுக்கறார்னு ஒரு பேச்சு வேண்டாம். ஆனா உனக்கு ஆசை இல்லன்னா, காரணம் சொல்லாத. கால் வலின்னா மாத்திரை குடுப்பாங்க. டிரெஸ் பிடிக்கலன்னா வேற டிரெஸ் எடுப்பாங்க. ஒவ்வொரு காரணத்துக்கும் அவங்ககிட்ட ஒரு மருந்து இருக்கும். எனக்கு இஷ்டமில்ல, நான் ஆடல, ராத்திரி தங்கலன்னு ரெண்டு வரி மெயில்ல போடு. மரியாதையா போடு. உன்னை வேலைக்கு எடுத்தது கணக்கு பாக்க. விருந்தாளியோட ஆடறதுக்கு இல்ல. உன் டீம் லீடர் ஜாலிக்குத்தானேன்னு நேர்ல வந்து கேப்பார். ஜாலி எனக்கு வரலன்னு சொல்லு. அதுக்கு மேலயும் விடலன்னா, உங்க ஆபீஸ்ல பெண்கள் புகாரைக் கேக்கறதுக்கு ஒரு கமிட்டி இருக்கான்னு பாரு. நோட்டீஸ் போர்டுல பேர் ஒட்டியிருப்பாங்க. உன்னோட ஜோடி லிஸ்ட்ல இருக்கற மத்த பொண்ணுங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேளு. நீ வாயைத் திறக்கட்டும்னு யாராவது காத்திட்டிருப்பாங்க.

அன்னைக்கு நாப்பது பேர் சிரிச்சப்ப கூடச் சேர்ந்து நான் சிரிக்காம நின்னிருந்தா, ஒரு நிமிஷம் சங்கடமா இருந்திருக்கும். ஒரே ஒரு நிமிஷம். அதைத் தாங்கியிருக்கலாம். நீ தாங்கு.

வேலை போயிடுமோன்னு பயப்படறே. இன்னும் நிரந்தரம் ஆகல, எனக்குத் தெரியும். போகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. போனா இங்க வா. முன் ரூம் சும்மாதான் கிடக்கு. உங்க அக்கா அலமாரியை நான் இன்னும் திறக்கல, அதை நீதான் வந்து திறக்கணும். அடுத்த வேலை கிடைக்கற வரைக்கும் இரு, ஆடற ஃபேனுக்குக் கீழ உக்காந்து என்னை ஓட்டிட்டு இரு. அந்தக் கப் இன்னும் ஆபீஸ் டிராயர்ல கிடக்கு. தூக்கிப் போட மனசு வரல, அதுல குடிக்கவும் வரல. நீ வந்தா என்ன பண்ணலாம்னு சொல்லு.

உங்க அக்கா இருந்திருந்தா இதெல்லாம் ஒரே வரியில முடிச்சிருப்பா. முடியாதுன்னு சொல்லிட்டு வாடின்னு. எனக்குத்தான் இத்தனை பக்கம் தேவைப்படுது.

நீ நல்லா இருக்கணும். யாரோ சிரிக்கறாங்கன்னு நீ சிரிக்கற மாதிரி ஆகக் கூடாது. அது போதும் எனக்கு.

சனிக்கிழமை நீ எங்க இருந்தாலும் உன் போனை எந்தப் பையிலயும் போடாத. என் போன் காலையில இருந்து என் கையிலயே இருக்கும், சத்தம் முழுசா வெச்சு. நீ அடிச்சா முதல் மணியில எடுப்பேன். சனிக்கிழமைக்கு முன்னாடி எதுவா இருந்தாலும் நேரா பஸ் ஏறி வந்து பெல் அடி. ஏன்னா இதை எழுதிட்டிருக்கறதுக்குள்ள செக்‌ஷன் ஹெட் நாலாவது தடவையா அடிச்சுட்டார். இந்தத் தடவை யாரும் கூடையை நீட்டல. நானேதான் போனை அணைச்சு வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உன் மாமா