பிசகியது என் தோள், நான் அல்ல

அனுப்புநர்:
சலவைப் பிரிவுத் தொழிலாளி (வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்),
பொது மருத்துவமனைச் சலவைக்கூடம்.

பெறுநர்:
தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: என் தோள்மூட்டு பிசகியதை நான் செய்த பிசகு என்று எழுதிய விசாரணை அறிக்கையை ரத்து செய்யவும், மூன்றாம் எண் இயந்திரத்தை நிறுத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வலது கைக்குக் கட்டுப் போட்டிருப்பதால் இடது கையால் எழுதுகிறேன். அங்கங்கே கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

1. நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைப்பது என் வேலை. மூன்றாம் எண் இயந்திரத்தில் டிரம் சுற்றுவது நிற்பதற்கு முன்பே பச்சை விளக்கு எரிந்து, கதவு திறந்துகொள்ளும். மேலாளரிடம் வாய் வலிக்கச் சொன்னோம். "ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்" என்று சிரித்தார். போன வாரம் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் கையை உள்ளே விட்டேன். ஈர விரிப்பு முழங்கை வரை சுற்றி இழுத்ததில், தோள் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய எலும்பின் பந்துமுனை வெளியே வந்துவிட்டது. எலும்பு மருத்துவர் அதை உள்ளே தள்ளியபோது நான் போட்ட சத்தம் தெருமுனைக்குக் கேட்டிருக்கும். கிண்ணத்தின் ஓரமும் சிறிது உடைந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது.

2. விசாரணைக்கு வந்த அலுவலர், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "பிசகிடுச்சு சார்" என்றேன். மூட்டு பிசகினால் வேறு எப்படிச் சொல்வது? "தொழிலாளி தம் பிசகை ஒப்புக்கொண்டார்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அடக் கொடுமையே! கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த கையை அவர் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

3. அந்த ஒரு வரியால் இயந்திரத்தில் குறை இல்லை என்றாகிவிட்டது. எனக்கு வேலை போனது. இப்போது அதே இயந்திரத்தில் என் நாத்தனாரை நிறுத்தியிருக்கிறார்கள். "முடியாதுன்னா என்னையும் அனுப்பிடுவாங்க அண்ணி" என்கிறாள். அவள் வேலைக்குக் கிளம்பினால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

4. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விரிப்பு மடிக்கிற மேசையில் வேலை தருவதாக மேலாளர் சொல்லியனுப்பினார். எழுத மாட்டேன் ஐயா. இன்று நான் எழுதினால், நாளை அவள் கை பிசகும்போதும் அதே வரியைத்தான் எழுதுவார்கள்.

ஆகவே தாங்கள் நேரில் வந்து, பச்சை விளக்கு எரிந்ததும் மேலாளரைத் தம் கையை உள்ளே விடச் சொல்லுமாறு வேண்டுகிறேன். அவர் விட்டுவிட்டால் அங்கேயே மன்னிப்பு எழுதித் தருகிறேன்.

இந்த மனு தங்களிடம் வரும் நேரத்தில், அந்த இயந்திரத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். தாங்கள் வரும்வரை நகர மாட்டேன். என்னை நகர்த்த வேண்டுமானால் கையைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். எந்தக் கையை என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
தாங்கள் வரும் வழியைப் பார்த்து நிற்கும்
சலவைத் தொழிலாளி
(இடது கை ஒப்பம்)

இடம்: மூன்றாம் எண் இயந்திரத்தின் முன்
நாள்: வெள்ளிக்கிழமை, காலை ஷிப்ட்