மாற்றாத மடிப்பு

அக்கா, இன்று மத்தியானம் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் வசம்பு மணம் வந்தது. அதன் பின்னால்தான் நீ வந்தாய். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். தன் கல்யாணப் பட்டை எடுத்து நிழலில் உலர்த்தச் சொன்னாள் அம்மா. சரி என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் எதற்குமே சரி என்று சொல்லிவிடுகிறேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. நம் வீட்டில் இருந்த ஒரே பட்டு. உன்னை அதில் ஏழு முறை பார்த்திருக்கிறேன். ஏழு முறையும் கையில் காபித் தட்டோடு. எட்டாவதாகவும் ஒரு முறை வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நூலகத்தில் எதையாவது படித்துவிட்டு வந்து உன்னிடம் கொட்டுவது அப்போது என் வழக்கம். பட்டைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்த வாரம், நீ பின்கட்டில் இதே சேலையை மடித்துக்கொண்டிருந்தாய். கரையும் உடலும் ஒரே துணி இல்லை என்று சொன்னேன். ஊடு நூலை ஓட்டுகிற நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் இரண்டு. ஒருவர் தறியில் உட்கார, இன்னொருவர் பக்கத்தில் நின்று கரை நாடாவைத் தள்ள, இரண்டு நிறமும் ஊடு ஊடாகக் கோத்துக்கொண்டு வளரும், அதனால்தான் கோர்வை என்று பெயர். முந்தி தொடங்கும் இடத்தில் உடலில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒவ்வொன்றோடும் புதுநிற இழையை முறுக்கிச் சேர்ப்பார்கள். எங்கெங்கிருந்தோ அரசர்கள் கூட்டிவந்த நெசவாளிகள் காஞ்சிபுரத்தில் தங்கி, பல தலைமுறையாகச் செய்கிற வேலை. நீ கரையைத் திருப்பி, பின்பக்கம் கோர்வை இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாய்.

"அம்புட்டுப் பேரு சேந்து நெய்ஞ்சது, நான் தட்டு தூக்கவாட்டி?" என்றாய்.

நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுவது உன் பொறுப்பு. வெயில் படாமல் விரித்து, பழைய கோட்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் புதிதாக மடித்து, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி வைப்பாய். ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே இற்று வெட்டிவிடும். சரிகை ஓடுகிற முந்தி எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடும். சேலைக்காவது இடம் மாற்றிப் படுக்கக் கொடுத்துவைத்திருக்கிறது என்பாய்.

அந்த எட்டாவது முறை வந்தவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல கனமான ஆள், இடுப்பில் சாவிக்கொத்து. உன்னை உட்காரச் சொன்னார். உன் பெயரைக் கேட்கவில்லை. முந்தியை எடுத்து மடியில் போட்டு, திருப்பி, கரையின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு சாவி ஒன்றால் முந்திச் சரிகையைச் சுரண்டினார். தங்கப் பூச்சும் வெள்ளியும் விலகி, உள்ளே இருந்த சிவப்புப் பட்டிழை புள்ளியாகத் தெரிந்தது. அசல் சரிகைக்கு அதுதான் அடையாளம். அந்தம்மா முகம் மலர்ந்தது. அப்பா ஏதோ பெருமையாகச் சொல்ல வாயெடுத்தார்.

நீ முந்தியை அவர் மடியிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டாய்.

"சரிகை அசல்தான் அத்தை. சந்தேகம் தீந்துச்சுல்ல? இனி என்னப் பாருங்க."

குரலை நீ உயர்த்தவே இல்லை. அவர்கள் காபியை முடிக்காமல் எழுந்தார்கள். அப்பா அன்றைக்குப் பூராவும் உன்னோடு பேசவில்லை. நீ பின்கட்டுக்கு வந்து சேலையை அவிழ்த்து என் கையில் கொடுத்தாய். "இனி இது என் மேல படக் கூடாது. செத்தாலும் கட்டி விட்றாதீக." பிறகு நைட்டியை மாட்டிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாய்.

அடுத்த மாதமே மில்லில் கோன் வைண்டிங்குக்கு, நூலைக் கூம்பில் சுற்றுகிற வேலைக்குச் சேர்ந்தாய். தலையெல்லாம் பஞ்சோடு ஷிப்ட் முடிந்து வருவாய். கட்ட மாட்டேன் என்றவள், மடிப்பு மாற்றுவதை மட்டும் விடவில்லை. லீவு நாளில், யாரும் சொல்லாமலேயே விரித்து மடித்து வைத்தாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மஞ்சள் காமாலை பன்னிரண்டு நாள்தான் விட்டுவைத்தது.

உன்னைக் குளிப்பாட்டி முடித்ததும், கல்யாணம் ஆகாத பெண்ணைப் பட்டு கட்டித்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். அம்மா அழுதுகொண்டே பெட்டியைத் திறந்து இந்தச் சேலையை எடுத்து வந்தாள். உனக்குத் தெரியும், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்று எப்படியோ அம்மாவின் கையைப் பிடித்தேன். "வேண்டாம்மா. இதக் கட்டக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கா." அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. தேவதானத்துச் சித்திதான் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்: "அடுத்து இவதான உக்காரணும். பட்டு மேல ஆச இருக்கத்தான செய்யும்."

தீபாவளிக்கு நீ எடுத்து, பிரிக்காமல் வைத்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் நூல் சேலையைக் கட்டினார்கள். கஞ்சி மொடமொடப்பில் அது உன் மேல் படியாமல் விறைத்துக்கொண்டு நின்றது.

இரண்டு வருடமாயிற்று அக்கா. விசேஷ வீடுகளில் சித்தி இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ சொன்னதைத்தான் செய்தேன் என்று யாரிடம் போய் நிரூபிப்பது? அம்மாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், அந்த எண்ணத்தோடு இரண்டு வருடம். அந்தச் சேலையை எனக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மடிப்பு மாற்றுகிற வேலை என்னிடம் வந்தது. ஒழுங்காகத்தான் செய்தேன், ஒன்றைத் தவிர. உடலை விரித்து நாலு விரல் தள்ளி மடிப்பேன். முந்தியை மட்டும் நீ கடைசியாக மடித்தபடியே வைத்துவிடுவேன். உன் கை கடைசியாக அழுத்திய கோடு. அதைக் கலைக்க மனம் வரவில்லை.

இன்று அம்மா ஒரு நுனியும் நான் ஒரு நுனியுமாகப் பிடித்து விரித்தபோது, முந்தி அந்தக் கோட்டிலேயே கிழிந்து விட்டுப்போனது. சத்தம்கூட இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. நீ இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்ததை, உன்மேல் வைத்த பிரியத்தால் நானே கெடுத்திருக்கிறேன். அம்மாவிடம் அதைச் சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் மற்றதெல்லாம் வந்துவிட்டது. எனக்காக இதை எடுத்து வைக்கவில்லை, அக்கா உண்மையிலேயே சொன்னாள், பின்கட்டில் வைத்துச் சொன்னாள் என்றேன்.

அம்மா கிழிசலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ட்டி. அன்னைக்கு அடுப்படி சன்னல்கிட்டதான் நின்னேன். எனக்கும் கேட்டுச்சு."

"பொறவு ஏம்மா எடுத்துட்டு வந்த?"

"அவளுக்குக் குடுக்க வேற என்ன இருந்துச்சு எங்கிட்ட?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சித்தி பேசும்போதெல்லாம் இவள் வாய் திறந்திருக்கலாமே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டு பேருமே அவ்வளவு ஓய்ந்திருந்தோம். அம்மாவே, "ஞாயித்துக்கெழம நூல் சேல கட்டிக்கோ" என்றாள். எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

நீ மடித்த கோட்டை இன்றுதான் கலைத்தேன். நாலு விரல் தள்ளிப் புது மடிப்பு. சாவி சுரண்டிய அந்தச் சிவப்புப் புள்ளி இப்போது மேல்பக்கம் வந்திருக்கிறது. அதை உள்ளே தள்ளவில்லை. வேட்டியில் சுற்றி, புது வசம்புத் துண்டு வைத்துப் பெட்டியை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று தெரியாது. உன் வாய் எனக்கு இல்லை. ஆனால் அந்தச் சாவிக்கொத்து அம்மாவிடம் நீ அன்றைக்குச் சொன்ன கடைசி மூன்று வார்த்தையை இன்று சாயங்காலத்திலிருந்து, அடுப்படியில் யாரும் இல்லாதபோது, மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.