எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

இன்று காலை என் மானம் நடுரோட்டில் போனது. சாக்கடை ஆட்களை அழைத்துக்கொண்டு துறைமுகச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பழைய எல்லைக் கல் வந்ததும் கால் தானாக நின்றது. "போதும், இதுக்கு மேல நம்மளுது இல்ல" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கங்காணி, ரெண்டு போர்டும் ஒண்ணாகி எத்தனை வருசமாச்சு! இன்னும் எல்லையா?" சாப்பாடு கொண்டுவந்த என் மகள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாம் வகுப்போடு நின்ற மண்டையில் புதுசு ஏற நாளாகும் என்று நானும் சிரித்து வைத்தேன். கால் நின்றது உனக்காக என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கல்லில்தான் நாம் தினமும் சந்தித்தோம். டவுன் பக்கமிருந்து என் ஆட்கள் தெருவைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். துறைமுகப் பக்கமிருந்து உன் ஆட்கள். நான் டவுன் சுகாதார போர்டின் கங்காணி, நீ துறைமுக போர்டின் கங்காணி. கல்லைத் தாண்டி ஒரு சருகைக்கூட எடுக்கமாட்டோம். ஒருமுறை எருமை ஒன்று சரியாக எல்லையில் செத்துக் கிடந்தது. தலை உன் பக்கம், வால் என் பக்கம்.

"தலை இருக்கிற பக்கம்தான் மாடு" என்றேன்.

"வாலைப் பிடிச்சுத்தானே இழுக்கணும்? நீயே இழு" என்றாய்.

நீ தள்ள, நான் திருப்பித் தள்ள, வெயில் ஏறி நாற்றம் தாங்காமல் கடைசியில் இரண்டு கூட்டமும் சேர்ந்தே குழி வெட்டினோம். மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னாய்: "மாடு குடுத்து மாடு வாங்கியாச்சு. இனிமே நீ எனக்குச் சம்பந்தி." அன்றிலிருந்து நமக்குள் பெயரே கிடையாது, சம்பந்திதான்.

பிறகு வெள்ளைக்காரத் துரை வரைபடத்தோடு வந்தார். டவுனையும் துறைமுகத்தையும் நடுவிலிருந்த சதுப்பையும் ஒரே சிவப்புக் கோட்டால் வளைத்தார். இனி ஒரே ஜில்லா, ஒரே ஆபீஸ். "இனிமே எருமை எங்க செத்தாலும் நம்ம ரெண்டு பேருக்கும் சொந்தம், சம்பந்தி" என்று நீ சிரித்தாய். ஒரு ஜில்லாவுக்கு ஒரு கங்காணி போதும் என்று அடுத்த உத்தரவு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஆபீஸ் டவுனில் இருந்ததால் என்னை வைத்துக்கொண்டார்கள். நீ மண்வெட்டியோடு வந்து என் ஆட்களின் வரிசையில் நின்றாய்.

உன் பக்கம் பூமி தாழ்வு. கடல் ஏறினால் சாக்கடை பின்னோக்கி ஓடும். அதனால் நீ கடல் இறங்கும் நேரம் பார்த்துத்தான் ஆட்களை இறக்குவாய். போர்டுகள் சேர்ந்தபின் டவுனில் அடிக்கும் வேலை மணிதான் இரண்டு பக்கத்துக்கும். "அந்த நேரத்துல அங்க இடுப்பளவு தண்ணி நிக்குங்க" என்று ஆபீஸில் சொல்லிப் பார்த்தேன். "ஒரு ஜில்லாவுக்கு ரெண்டு மணி அடிக்க முடியுமாய்யா?" என்றார் கணக்கெழுதும் கிராணி. நீ அந்தத் தண்ணீரில் இறங்கினாய்.

விடியற்காலைப் பெரட்டில் நான் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவேன். உன் முறை வரும்போது "இருக்கேங்க கங்காணி" என்பாய். நான் "சரி" என்பேன். கோபத்தில் அப்படிச் சொன்னாயா, ஆட்கள் முன்னால் என் மரியாதையைக் காக்கச் சொன்னாயா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சம்பந்தி என்ற சொல் மட்டும் உன் வாயில் மறுபடி வரவில்லை. அந்த "ங்க"வைவிட நீ என்னை நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாம்.

பிறகு காய்ச்சல். கிள்ளான் ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடிக் கிடந்தாய். குனிந்து உன் பெயரைச் சொன்னேன். பெரட்டு என்று நினைத்துவிட்டாய். எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல், "இருக்கேங்க கங்காணி" என்றாய்.

பாழாய்ப்போன பழக்கம். "சரி" என்றேன்.

மறுநாள் உன் கட்டில் காலி. துரையின் வரைபடத்தில் அந்தக் கல் இல்லை, சாலையோரத்தில் இருக்கிறது. அங்கே கால் நிற்கும்போதெல்லாம், அன்று கட்டிலருகே நான் சொல்லாமல் விட்டது வாய்க்கு வருகிறது: "பேர் கூப்பிடல, சம்பந்தி. உன்னப் பாக்கத்தான் வந்தேன்."